பதினொரு யூனிட்

மாதத்தின் ஏழாம் நாள், மழையென்றாலும்,
பழைய கடைவீதிக்கு வந்துவிடுவேன்.
தோளில் பை, கையில் டோர்ச்,
கழுத்தில் மின்சார சபை அட்டை.
நாய்களுக்கு அட்டை தெரியாது,
என் செருப்பைத் தெரியும்.

தை மாதத்து அப்புத்தளை வானம்
கழுவிக் கவிழ்த்த பீங்கான்.
இருட்டியதும் தெற்கே, வெகு கீழே,
கடலோரத்து ஊர்கள் புள்ளி புள்ளியாய் எரியும்.
அங்கேயும் யாரோ ஒருத்தி
டோர்ச்சோடு படியேறிக்கொண்டிருப்பாள்.

சித்திரையில் எண்கள் கொழுக்கும்.
குலதுங்க பேக்கரியில்
கேக் அடிக்கும் மெஷினுக்குத் தூக்கமில்லை.
கொழும்பிலிருந்து வந்தவர்கள்
சுடுதண்ணீரைத் திறந்தால் திறந்தபடி.
அடுத்த மாதம் வெசாக் கூடுகள்:
பள்ளிவாசல் சந்தியிலிருந்து ஸ்டேசன் வரைக்கும்
ஒரே வயர், எவர் வீட்டு மீட்டரில் என்று
நானும் கேட்பதில்லை.

ஆடிக் காற்றில் அம்மி பறக்குமாம்.
இங்கே பறந்தது நிஸ்தார் நானாவின் கூரைத் தகரம்.
தண்டவாளத்தில் போய்ப் படுத்துக்கொண்டது.
பொடி மெனிக்கே நாற்பது நிமிடம் நின்றாள்.
இறங்கியவர்கள் எல்லோரும் சாப்பிட்டதில்
மெர்சியின் வடைச்சட்டி
பத்து மணிக்கே கவிழ்ந்தது.
"நாளைக்கும் ஒரு தகரம் போடுங்க நானா" என்றாள்.
அந்தக் காற்றுதான் கொழுந்துக்கு மணம் கொடுப்பது.
ஏலத்தில் காற்றுக்குக் கிடைத்த விலை
பறித்த கைக்கு வரவில்லை.
தொழிற்சாலை மீட்டர் என் பகுதியில் இல்லை,
இருந்திருந்தால் அதையும் எழுதியிருப்பேன்.

ஐப்பசியில் பனிமூட்டம் கடைக்குள் வந்து
பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும்.
மிளகாய்த்தூள் கட்டிபடும்.
மீட்டர் கண்ணாடியைச் சட்டைக் கையால் துடைத்துத் துடைத்து
இலக்கத்தைத் தேட வேண்டும்.

நாற்பத்தோராம் இலக்க வீட்டில் மட்டும்
தேட வேண்டியதில்லை.
மகன் டோஹாவில், வீடு பூட்டியே கிடக்கிறது.
பதினாறு மாதம், 04827.
பார்க்காமலே எழுதலாம்.
பார்த்துத்தான் எழுதுவேன்.

கார்த்திகை. ஏழு நாள் மழை.
கீழ்ப்பிரிவு லயத்துக்கு மேலே மண் வாய் திறந்தது.
இரவோடிரவாக இறங்கச் சொன்னார்கள்.
பாடசாலை நிரம்பியது, கோயில் மண்டபம் நிரம்பியது.
ஏழாம் தேதி நான் வந்தேன்.
04838.

முன்கதவில் பூட்டு பூட்டியபடி.
பின்பக்கம் கொடியில்
ஒரு ஸ்கூல் டை, குழந்தைச் சட்டை,
நீர் சொட்டும் கொழுந்துப் படங்கு.
உள்ளே ஒரு இருமல்.
அதன் மேல் ஒரு கை.

ஜன்னல் இடுக்கில் ஒரு கண் கேட்டது:
"அக்கா, பியூஸ் புடுங்க வந்தீங்களா?"
"இல்ல. கணக்கெடுக்க."
"எத்தன பேருன்னா?"
நான் வாய் திறக்குமுன்
நிரோஷிகா (பெயர் டையின் பின்னால் தைத்திருந்தது)
விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள்.
"பதினாலு. பாப்பாவையும் சேத்தா."

நிஸ்தார் நானா ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார்.
"நாப்பத்தொண்டு வீட்டுச் சாவி
உங்ககிட்டதானே நானா?"
"சாவியா? எந்தச் சாவி?
இந்த மழைக்கி ஆணியெல்லாம்
கறள் பிடிக்கிது புள்ள."
தராசு முள்ளையே பார்த்தார்.
முள் எப்போதோ நின்றுவிட்டது.

மார்கழிக் கடைசியில் அவர்களை
தகரக் கொட்டகைகளுக்கு ஏற்றிப் போனார்கள்.
கொடி மட்டும் அவிழ்க்கப்படவில்லை.
இலக்கம் 04863இல் நின்றது.

தையில் ஒரு நாள் ஒப்பீஸில் என்னைக் கூப்பிட்டு
ரிசீவரைக் கொடுத்தார்கள். டோஹா.
"பூட்டின வீட்ல எப்படிங்க கரண்ட் ஓடும்?
மீட்டர் பழுதா?"
"மீட்டர் சரி சார்.
நான்தான் பார்த்து எழுதினேன்."

கொஞ்ச நேரம் அங்கே ஏதோ மெஷின் சத்தம்.
"அந்த மாசம்தானே அங்க மண் சரிஞ்சது?"
"ஆமா."
"பின்கதவு தாழ்ப்பாள் சரியா விழாது.
உள்ள காத்து அடிச்சிருக்கும்" என்றார்,
பிறகு,
"பில்ல அனுப்புங்க."